மவுஸைத் தேடும் கை: டைப் டீச்சர் பதில்கள்

முதலில் ஒரு சங்கடம். கீபோர்டைப் பற்றித் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தில் டெல்லியின் முதல் எழுத்தும் டேபிளின் முதல் எழுத்தும் ஒன்றுபோலவே வந்து நிற்கின்றன. போன முறை நான் எழுதிய ‘கன்ட்ரோல் டி’யை ஒருவர் டேபிளின் எழுத்தாக எடுத்துக்கொண்டு, “எக்ஸலில் டேபிள் உருவாக்கச் சொல்லி ஏதோ பெட்டி வருகிறது, பிரவுசரில் அழுத்தினால் புது டேப் திறக்கிறது” என்று கோபமாக எழுதியிருந்தார். தப்பு என்னுடையதுதான். இனி ‘டி’ என்று குறிலில் எழுதினால் டெல்லியின் எழுத்து, ‘டீ’ என்று நெடிலில் எழுதினால் டேபிளின் எழுத்து. எப்போதோ படித்த குறில் நெடில் இதற்காவது உதவட்டும்.

விருதுநகரில் பருப்பு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்து முதல் இரவு எட்டு வரை எக்ஸல்தான். சாயங்காலம் ஆனால் வலது மணிக்கட்டு வலிக்கிறது. ‘நூறு ஷார்ட்கட்’ என்று ஒரு வீடியோ பார்த்து நோட்டில் எழுதி வைத்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது டீச்சர்?
(கணக்கர், விருதுநகர்)

மணிக்கட்டை டாக்டரிடம் காட்டுங்கள், அது என் பாடம் இல்லை. நோட்டை மூடி வையுங்கள், அது என் பாடம்.

ராஜபாளையத்தில் இருபது வருஷம் டைப் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். முதல் நாள் வருகிற பிள்ளைக்கு நாற்பத்துச் சொச்சம் விசையையும் ஒரே நாளில் காட்டியதில்லை. இடது கைக்கு ‘ஏ எஸ் டி எஃப்’, வலது கைக்கு ‘செமிகோலன் எல் கே ஜே’. ஒரு வாரம் அது மட்டும்தான். விரல் மனப்பாடம் செய்வதை மூளையால் செய்ய முடியாது என்பதே காரணம். ஷார்ட்கட்டும் அப்படித்தான். நாளைக்கு ஒரு துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போகும்போதெல்லாம் எதற்காகப் போனது என்று ஒரு கோடு கிழியுங்கள். சாயங்காலம் எந்த வேலைக்கு அதிகக் கோடு விழுந்திருக்கிறதோ, அதற்கான ஷார்ட்கட்டை மட்டும் அந்த வாரம் பழகுங்கள்.

பருப்புக் கடைக் கணக்கு என்றால் எங்கே கோடு விழும் என்று எனக்கே ஓரளவு தெரியும். முதலாவது, அடுத்த வரிக்குப் போவது. தேதி, கட்சிக்காரர் பெயர், சரக்கு, மூட்டை, விலை என்று அடித்துவிட்டு, மவுஸால் அடுத்த வரியின் முதல் கட்டத்தைக் கிளிக் செய்கிறீர்கள் அல்லவா? கட்டத்துக்குக் கட்டம் போக டேப் விசையை மட்டும் அழுத்துங்கள். கடைசிக் கட்டத்தில் என்டர் அழுத்தினால், டேப் எந்தப் பத்தியில் ஆரம்பித்ததோ அதே பத்தியில், அடுத்த வரியில் கர்சர் தானாகப் போய் நிற்கும். டைப்ரைட்டரில் வண்டியைத் தள்ளி அடுத்த வரிக்கு வந்தது போலவே இருக்கும். பத்து வருஷம் எக்ஸலில் உட்கார்ந்தவர்களுக்கே இது தெரியாததைப் பார்த்திருக்கிறேன். நடுவில் அம்பு விசையையோ மவுஸையோ தொட்டுவிட்டால் மட்டும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

இரண்டாவது, தேதி. கன்ட்ரோலுடன் செமிகோலன் அழுத்தினால் இன்றைய தேதி விழும். அது நாளைக்கு மாறாது, அப்படியே இருக்கும். கணக்குக்கு அதுதான் வேண்டும். மூன்றாவது, மேல் வரியில் இருக்கும் ‘துவரம் பருப்பு’ கீழேயும் வர வேண்டும் என்றால் கன்ட்ரோல் டி. ஐந்து வரி மேலே இருக்கும் பெயர் வேண்டுமென்றால் ஆல்ட்டுடன் கீழ் அம்பு. அந்தப் பத்தியில் ஏற்கெனவே அடித்த பெயர்களெல்லாம் பட்டியலாக இறங்கும், அம்பால் தேர்ந்தெடுத்து என்டர் கொடுங்கள். ‘முருகன் டிரேடர்ஸ்’ ஒரு வரியிலும் ‘முருகன் டிரேடர்’ இன்னொரு வரியிலும் விழுந்து மாசக் கடைசியில் மண்டையை உடைப்பதும் இதனால் குறையும்.

கூட்டல் போட ஆல்ட்டுடன் சமக்குறி. கட்டத்தைத் திருத்த எஃப் 2. நீளமான பட்டியலின் அடிக்குப் போக கன்ட்ரோலுடன் கீழ் அம்பு. ஒன்றுமே எழுதாத பத்தியில் அதை அழுத்திவிட்டால் 10,48,576-ஆவது வரியில் போய் நிற்பீர்கள், பயந்துவிடாதீர்கள். எக்ஸல் தாளின் அடி அதுதான். கன்ட்ரோலுடன் மேல் அம்பு அழுத்தினால் திரும்பி வந்துவிடலாம்.

இவ்வளவும் ஒரே வாரத்தில் வேண்டாம். முதல் வாரம் டேப், என்டர் மட்டும்.

அம்பு விசையை அழுத்தினால் எக்ஸலில் கர்சர் நகராமல் தாளே நகர்கிறது. கீபோர்டு போய்விட்டதா?
(அருப்புக்கோட்டை)

கீபோர்டு நன்றாக இருக்கிறது. ஸ்க்ரோல் லாக் விசையில் கை பட்டிருக்கும். இன்னொரு முறை அழுத்துங்கள். உங்கள் லேப்டாப்பில் அந்த விசையே இல்லை என்றால், விண்டோஸின் தேடும் பெட்டியில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் தேடித் திறந்து, திரையில் வரும் ஸ்க்ரோல் லாக்கைக் கிளிக் செய்யுங்கள். இதற்கு மட்டும் மவுஸ் அனுமதி.

கல்யாணப் பத்திரிகை டைப் செய்கிறேன். யூனிகோடில் ஒரு எழுத்தை அழிக்க பேக்ஸ்பேஸ் அழுத்தினால் சில சமயம் கால் மட்டும் போகிறது, சில சமயம் கொம்பு மட்டும் போகிறது. ஸ்ரீயை அழிக்க நாலு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. பழைய ஃபான்ட்டே தேவலை என்று தோன்றுகிறது.
(டிடிபி ஆபரேட்டர், சாத்தூர்)

பழைய ஃபான்ட்டில் நானும் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். அதன் அழகு எனக்குத் தெரியும். பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் ‘தமிழ்’ என்று அடித்து, பாமினி இல்லாத கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் ‘ஜே கே பி ஓ’ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு செமிகோலனும்தான் தெரியும். அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நாம் அடித்தது தமிழே இல்லை, தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம். அதில் ‘கொ’ என்பது மூன்று தனித்தனிப் படம். கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம், அதே வரிசையில் பின்னாலிருந்து அழிப்போம். கண்ணுக்கும் கைக்கும் கணக்கு ஒத்துப்போகும்.

யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதன் பின் ஒகரக் குறி. இரண்டே துண்டு. கொம்பும் காலும் சேர்ந்ததுதான் அந்த ஒரு குறி. ஸ்ரீ என்பது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. ஆக நான்கு துண்டு. பேக்ஸ்பேஸ் ஒவ்வொரு தட்டலுக்கும் கடைசித் துண்டை மட்டும் அழிக்கும், அதனால்தான் உங்களுக்கு நாலு தட்டல். கோளாறு போலத் தோன்றுவது உண்மையில் வசதி: ‘கொடி’யை ‘கோடி’ ஆக்க வேண்டுமானால், கர்சரை ‘கொ’வுக்குப் பின்னால் வைத்து ஒரு பேக்ஸ்பேஸ். க அப்படியே நிற்கும், ஓகாரம் போடுங்கள், முடிந்தது.

முழு எழுத்தும் ஒரே தட்டில் போக வேண்டுமா? கர்சரை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் டெலீட் அழுத்துங்கள். ‘கொ’ மொத்தமாகப் போய்விடும். முழுச் சொல்லும் போக வேண்டுமா? கன்ட்ரோலுடன் பேக்ஸ்பேஸ். ‘திருவளர்ச்செல்வன்’ என்பதை ஒரு தட்டில் துடைக்கலாம். நம் தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு இந்த ஒன்றே போதும். எனக்கு ஒரே ஒரு ஷார்ட்கட்தான் மிச்சம் வைக்கலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பார். சிலர் எழுதுகிறார்கள், “அடித்துக்கொண்டே இருக்கும்போது மொழி தானாக மாறுகிறது” என்று. தானாக இல்லை. ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினாலும் மொழி மாறும். அது உங்கள் இடது கையின் வேலை.

புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது தமிழ் 99 என்ற விசை அமைப்பு. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்தில் பெரும்பகுதி வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஆங்கில ஒலியை வைத்து அடித்தால் ஐந்து. ஒரு தட்டுதானே என்பீர்கள். ‘அப்பா’, ‘பாட்டி’, ‘தாத்தா’, ‘சித்தப்பா’ என்று பத்திரிகை முழுக்க எண்ணிப் பாருங்கள். ஆனால் பழைய தட்டச்சு முறையில் கை படிந்தவர்கள் மாறித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நான் மாறவில்லை.

கன்ட்ரோல் சி என்றால் காப்பி, புரிகிறது. பேஸ்ட்டுக்கு ஏன் வி? அன்டூவுக்கு ஏன் இசட்?
(பாலிடெக்னிக் மாணவி, கோவில்பட்டி)

நல்ல கேள்வி. கீபோர்டின் கீழ் வரிசையைப் பாருங்கள்: இசட், எக்ஸ், சி, வி. நான்கும் பக்கத்துப் பக்கத்தில், இடது கைக்கு அடியில். வலது கை மவுஸில் இருக்கும்போதும் இடது கையாலேயே வெட்டவும் ஒட்டவும் முடியும். ‘பி’ என்ற எழுத்து வலது கோடியில் இருக்கிறது, அதோடு அது பிரிண்டுக்குப் போய்விட்டது. எக்ஸ் என்பது எழுத்தின் மேல் போடும் பெருக்கல் குறி, அடித்தல். வி என்பது கீழே கை காட்டும் அம்பு, இங்கே செருகு என்று புரூஃப் திருத்துகிறவர் போடும் குறியைத் தலைகீழாக்கியது போல. வெட்டி ஒட்டும் முறையை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். பிறகு ஆப்பிளுக்குப் போனார், 2020 பிப்ரவரியில் காலமானார். ஆப்பிள் கம்ப்யூட்டரில் இன்றும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. எழுத்துகள் அதே நான்குதான்.

விண்டோஸில் அதற்கு முந்தைய வழக்கம் ஒன்றும் சாகாமல் இருக்கிறது. காப்பிக்கு கன்ட்ரோல் இன்சர்ட், பேஸ்ட்டுக்கு ஷிஃப்ட் இன்சர்ட். உங்கள் கல்லூரி லேபில் சி விசை தேய்ந்து விழுந்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றாவது இருக்குமே, அதில் முயன்று பாருங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்டை வைத்தவர் ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி, 1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்காக. முதலில் அவர் வைத்தது கன்ட்ரோல் ஆல்ட் எஸ்கேப். மூன்றும் இடது பக்கமே இருந்ததால் ஒரு கை தவறிப் பட்டாலே மெஷின் அணைந்து மறுபடி ஏறியது. அதனால் எதிர்ப்பக்கம் இருந்த டெலீட்டுக்கு மாற்றினார். அதாவது அழுத்தக் கஷ்டமாக இருக்க வேண்டும் என்றே வைத்த ஷார்ட்கட் அது. புரோகிராம் உறைந்து நின்றால் இப்போது அது வேண்டாம். கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப், உறைந்த புரோகிராமை மூட உதவும் டாஸ்க் மேனேஜருக்கு நேராகக் கொண்டுபோகும்.

இ-சேவை மையத்தில் வேலை. ஒரு விண்ணப்பத்துக்குப் பெயர், ஊர், ஆதார் எண், செல் நம்பர் என்று ஒவ்வொன்றாகக் காப்பி செய்து ஒட்டுவதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது.
(திருமங்கலம்)

விண்டோஸ் 10-லும் 11-லும் விண்டோஸ் விசையுடன் வி அழுத்திப் பாருங்கள். முதல் முறை ‘ஆன் செய்யவா’ என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். அதன்பின் நீங்கள் காப்பி செய்வது ஒவ்வொன்றும் அடுக்காகச் சேரும், இருபத்தைந்து வரை. ஆக ஒரே மூச்சில் நாலையும் காப்பி செய்துவிட்டு, விண்ணப்பத்துக்குப் போய் விண்டோஸ் வி அழுத்தி ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டலாம். மையத்தின் முகவரி போல தினமும் வேண்டியதைப் பின் குத்தி வைத்தால் கம்ப்யூட்டரை அணைத்தாலும் அழியாது.

இப்போது கண்டிப்பு. அந்த அடுக்கில் ஊராருடைய ஆதார் எண்கள் கிடக்கின்றன. அடுத்து வந்து உட்காருகிறவர் அதே இரண்டு விசையை அழுத்தினால் எல்லாம் தெரியும். ஒருவர் வேலை முடிந்ததும் அடுக்கைத் திறந்து ‘கிளியர் ஆல்’ கொடுங்கள். நாற்காலியை விட்டு எழுந்தால், டீ குடிக்கப் போனாலும் சரி, விண்டோஸ் விசையுடன் எல் அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள். இதைப் பழக ஒரு வாரம்கூட ஆகாது.

ரசீதின் ஒரு பகுதியை மட்டும் படம் எடுக்க செல்போனை நீட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ். திரை மங்கும், வேண்டிய இடத்தைச் சுற்றி இழுத்தால் போதும். இதற்கும் மவுஸ் வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பேரன் ஏதோ அழுத்திவிட்டான், திரை தலைகீழாகிவிட்டது. கடைக்காரர் சர்வீஸுக்கு முந்நூறு ரூபாய் கேட்கிறார்.
(ஸ்ரீவில்லிபுத்தூர்)

கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு. சில கம்ப்யூட்டர்களில், முக்கியமாகக் கொஞ்சம் பழையவற்றில், இந்த மூன்றுடன் அம்பைத் திருப்பினால் திரையும் திரும்பும். அசையவில்லை என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷன் என்ற இடத்தில் லேண்ட்ஸ்கேப் வையுங்கள். முந்நூறு ரூபாய்க்குப் பேரனுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுங்கள்.

ஷிஃப்ட்டை நாலைந்து தடவை தட்டினால் ஒரு சத்தம் வந்து பெட்டி ஒன்று எழும்புகிறது. தொந்தரவு. அதை நிரந்தரமாக ஒழிப்பது எப்படி?
(மதுரை)

ஐந்து முறை தட்டினால் எழும்பும். பெயர் ஸ்டிக்கி கீஸ். அந்தப் பெட்டியிலேயே ஒரு சுட்டி இருக்கும், அதன் வழியே செட்டிங்ஸுக்குப் போய் ஷார்ட்கட்டை மட்டும் அணைத்துவிடலாம்.

ஆனால் அது எதற்கு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை நின்றுபோனது. அச்சகத்தில் மூன்று விசையை ஒரே நேரத்தில் அழுத்தி வேலை செய்த மனிதர். வீட்டுக்கு வந்த மூன்றாம் மாசம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வலது கையால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மோவாயால் எஸ்ஸைத் தொடப் பார்த்தார். ஸ்டிக்கி கீஸை ஆன் செய்து கொடுத்தேன். அதில் கன்ட்ரோலைத் தட்டி விட்டுவிடலாம், பிறகு எஸ்ஸைத் தட்டலாம். ஒன்றாக அழுத்தியதாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். இப்போது ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர் கைவண்ணம்தான். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் தொந்தரவு இல்லை.

பிரவுசரில் தவறுதலாக டேப்பை மூடிவிட்டால்?
(தென்காசி)

கன்ட்ரோல் ஷிஃப்ட் டீ. நெடில் டீ. அழுத்த அழுத்த, முன்னே மூடியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

எல்லோருக்கும் பாடம் எடுக்கிறீர்களே, உங்களுக்குக் கை தவறியதே இல்லையா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எட்டயபுரம்)

ஐயா கேட்டபின் மறைக்க முடியாது. 1998. சிவகாசியில் ஓர் அச்சகத்தில், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் வேலை. ஒரு மகளிர் அமைப்பின் ஆண்டு மலருக்கு நன்கொடையாளர் பட்டியல் வந்தது. முந்தைய வருஷம் வேறொரு சங்கத்துக்குச் செய்த பட்டியலின் அமைப்பையே எடுத்து, பெயர்களை மாற்றி அடித்தேன். எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘திரு’ என்றே நின்றது. நூற்றுச் சொச்சம் பெயர். ஒவ்வொன்றாக மாற்றுவானேன்? கன்ட்ரோல் இ அழுத்தி, எழுத்தை மட்டும் திருத்தும் ஸ்டோரி எடிட்டருக்குப் போனேன். அங்கே தமிழ் ஃபான்ட் தெரியாது, எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். அதிலேயே கன்ட்ரோல் ஹெச், ‘திரு’வைத் தேடு, ‘திருமதி’ போடு, எல்லாவற்றையும் மாற்று. ஒரு நொடி. கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டு, புரூஃப் எடுத்து வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் தேடியிருக்க வேண்டியது ‘திரு’வை அல்ல, புள்ளியோடு சேர்த்து ‘திரு.’ என்பதை. அந்தப் புள்ளி ஒன்று இருந்தால் பெயருக்கு முன்னால் வரும் ‘திரு.’ மட்டும் மாட்டியிருக்கும். பேஜ்மேக்கரில் அன்டூவும் ஒரே ஒரு படிதான், இன்றைக்குப் போல கன்ட்ரோல் இசட்டை அழுத்தி அழுத்திப் பின்னால் போக முடியாது. சேமித்தும் ஆகிவிட்டது.

மறுநாள் காலை போனால் புரூஃப் பார்க்கும் பெரியவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார். நன்கொடையாளர்கள் எல்லோரும் திருமதிதான், அதில் குறையில்லை. அவர்கள் குடியிருந்த ஊர்கள் திருமதிச்செந்தூர், திருமதிச்சுழி, திருமதிப்பரங்குன்றம். தலைவியின் வாழ்த்துரையில் ‘திருமதிமண நிதி உதவி’. பெரியவர் சிரிக்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, “ஏம்மா, திருமதிநெல்வேலிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” என்றார்.